"எங்க வகையறாவுல யாருக்கும் சுகர் கிடையாதே, டாக்டர்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். சொல்பவருக்கு 35, 40 வயது இருக்கும். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் சட்டைப் பித்தானை முட்டிக்கொண்டு நிற்கும். கையில் உள்ள ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 240, எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பு 34, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, பி.பி. 138/88. ஸ்கேனில் ஈரல் கொழுப்பு, கிரேடு 1. இவ்வளவையும் மேஜைமேல் வைத்துவிட்டு வகையறா பெருமை பேசுவார்.

முதலில் அந்த வகையறாவைப் பார்ப்போம். மதுரைப் பக்கம் வகையறா என்றால் அப்பா வழி. தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் வரி கொடுக்கிற கணக்கு அது. மரபணுவுக்கு அந்த வரி நோட்டு தெரியாது. உங்கள் மரபணுவில் சரிபாதி அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாச்சிக்கு இருந்ததும், தாய்மாமனுக்கு இருப்பதும், சித்திக்குப் பிரசவ நேரத்தில் வந்துபோனதும் உங்கள் கணக்கில்தான் சேரும். "அம்மாவுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டால், "அது இருக்கு சார், ஆனா அது அவங்க பொறந்த வீட்டுப் பக்கம்" என்று பதில் வருகிறது. பொறந்த வீட்டுப் பக்கம்தான் அய்யா, நான் கேட்பதும் அதைத்தான்! தாய்மாமன் மகளையே கட்டியிருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு வாசல் வழியாக வருகிறது.

அடுத்தது தாத்தா கதை. "தாத்தா 90 வயசு வரைக்கும் இருந்தாரு, ஒரு மாத்திரை போட்டதில்ல." தாத்தாவின் ரத்தத்தை யாராவது ஒருநாள் பரிசோதித்தார்களா? பரிசோதிக்காதவருக்குச் சுகர் இல்லை என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கதை வரும். அப்பத்தாவுக்குக் காலில் ஆறாத புண், கட்டை விரலை எடுத்தார்கள். பெரியப்பா 52 வயதில் தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போனார். சித்தப்பாவுக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இதற்கெல்லாம் வீட்டில் யாரும் "சுகர்" என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்பதை எனக்கு இந்தத் தகவல்கள்தான் சொல்கின்றன.

இன்னொரு கட்சி இருக்கிறது. "அம்மாவுக்கும் இருக்கு, அப்பாவுக்கும் இருக்கு, எனக்கு வந்தே தீரும், இருக்கிற வரைக்கும் சாப்பிட்டுப் போறேன்" என்பவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் வாரிசு நாம், அதனால்தான் நம் உடம்பு கொழுப்பைப் பிடித்து வைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதன் மூலக் கருத்து 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபணு ஆய்வாளர் சொன்னது. கருதுகோள்தான், இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. நிரூபணமே ஆனாலும் ராத்திரி 11 மணிப் பரோட்டாவுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

மரபணு எவ்வளவு செய்கிறது என்று எண்ணிக்கையில் பாருங்கள். சர்க்கரை நோயோடு தொடர்புள்ள பொதுவான மரபணு மாற்றங்களில் வலுவானது டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் இருப்பது. 2006-இல் கண்டுபிடித்தார்கள், பிறகு சென்னை மக்களிடமும் உறுதியானது. அந்த மாற்றம் ஒரு பிரதி இருந்தால் அபாயம் சுமார் 1.4 மடங்கு. 2007-இல் கண்டுபிடித்தது எஃப்.டி.ஓ. மரபணுவில் உடல் எடையைக் கூட்டும் மாற்றம். ஐரோப்பியரிடம் செய்த ஆய்வில் அந்த மாற்றம் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடச் சுமார் 3 கிலோ அதிகம் இருந்தார்கள். 20 கிலோ கூடியவர் அந்த மரபணுமேல் 3 கிலோவுக்குப் பழி போடலாம். மிச்சம் 17 கிலோ? இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான மாற்றங்கள் சேர்ந்துதான் பரம்பரை அபாயம் உருவாகிறது. கூடவே அப்பத்தாவின் எண்ணெய்க் கரண்டியும் பரம்பரையாக வருகிறது, அது எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

"வந்தே தீரும்" என்பவர்களுக்குச் சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வே பதில். சர்க்கரையின் வாசலில் நின்ற, அதாவது சர்க்கரை கூடியும் இன்னும் நோய் அளவுக்குப் போகாத 531 பேர். சும்மா விட்டவர்களில் 3 வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். அதே ஊர், அதே மரபணு.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோலுக்கு அடியில் கொழுப்பு சேரும் இடத்தை நெல் கொட்டும் குதிர் என்று வையுங்கள். நம்மவர்களுக்குக் குதிர் சின்னது. சீக்கிரம் நிரம்பி, ஈரலிலும் கணையத்திலும் வழிகிறது. 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. தராசை நம்பாதீர்கள். டெய்லர் டேப்பை நம்புங்கள்.

அளப்பதிலும் தப்பு செய்கிறார்கள். பேன்ட் சைஸ் 34 என்றால் இடுப்பு 34 இல்லை, பேன்ட்டை நீங்கள் தொப்பைக்குக் கீழே போடுகிறீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், மூச்சை இயல்பாக விட்டபின், டேப் தரைக்கு இணையாக இருக்க அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, அங்கே யாரும் போட்டோ எடுக்கவில்லை. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. அதைத் தொட்டால் ஒரு புள்ளி. டிரைகிளிசரைடு 150-ஐ எட்டினால் ஒன்று, எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே போனால் ஒன்று, பி.பி. 130/85-ஐ எட்டினால் ஒன்று, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 ஆனால் ஒன்று. ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதற்குப் பெயர் வளர்சிதை மாற்றக் கோளாறு (மெட்டபாலிக் சிண்ட்ரோம்), சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வாசல் அது. மேலே சொன்ன ரிப்போர்ட்டில் டேப் எடுக்கும் முன்பே நாலு.

எச்சில் அனுப்பி மரபணு பார்க்கும் கிட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் கிட் கொடுக்கும் அபாய மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் தரவில் செய்தவை. மேலும், எந்த மதிப்பெண் வந்தாலும் நான் சொல்லப்போவது இதே நடையும் இதே சாப்பாடும்தான். ஒரே விதிவிலக்கு: 25 வயதுக்குள், ஒல்லியாக, மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து வரும் சர்க்கரை. அது ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம், அங்கே பரிசோதனை சிகிச்சையையே மாற்றும்.

அம்மாமார்களே, பிள்ளையின் கழுத்தில் வெல்வெட் போலக் கறுத்திருப்பது அழுக்கு இல்லை. கடலை மாவு போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. டேப்பை எடுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து "பிரசவத்தோட போயிருச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள், குழந்தைக்கு 6 வாரம் ஆகும்போது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரச் சோதனை செய்யுங்கள், பிறகு வருடா வருடம்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறீர்கள், நல்லது. முடித்ததும் ஒரு டம்ளர் பருத்திப்பால் எதற்கு? நாளைக்கு 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் 40 கிராமுக்கு மேல் சீனி போகிறது, 25-க்குள் நிறுத்தச் சொல்கிறோம். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் சலுகை கிடையாது. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் தெருவில் நடங்கள். 80 கிலோ இருப்பவர் 4, 5 கிலோ குறைத்தாலே ரிப்போர்ட் மாறும்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்து, டேப்பும் அளவைத் தாண்டினால், சோதனை செய்ய 30 வயதுக்குக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரையும் பி.பி.யும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து பட்டினி கிடந்து என்னை ஏமாற்ற நினைக்காதீர்கள், மூன்று மாதக் கதையை எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். வரும் முன் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அந்தப் பக்கம் யாருக்கு விரல் எடுத்தார்கள், யாருக்கு டயாலிசிஸ், யார் 55-க்குள் நெஞ்சுவலியில் போனார்கள், யாருக்கு 4 கிலோவில் குழந்தை பிறந்தது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு வெறும் வயிற்றோடு வாருங்கள். கருப்பட்டி போட்ட வரக்காப்பி குடித்துவிட்டு வந்தால் அது வெறும் வயிறு கிடையாது.