ஒரே கறுப்பு, இரண்டு உலோகம்: எஞ்சினில் பழைய பெயிண்டை உரிப்பது

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் பைக்கின் எஞ்சினுக்கு யாராவது மேலிருந்து கீழ்வரை கறுப்பு அடித்திருந்தால், பார்வைக்கு எஞ்சின் முழுக்க ஒரே பொருள்தான். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பேரலில் ஒட்டும், அதன் மேல்மூடியான ஹெட்டிலும் கிரான்க் கேஸிலும் கிளட்ச் கவரிலும் ஒட்டாது. பேரல் வார்ப்பிரும்பு, மற்றவை அலுமினியம். எந்த மருந்தில் பெயிண்டை உரிப்பது என்பதை முதலில் முடிவு செய்வது அடியில் இருக்கும் உலோகம்தான்.

காஸ்டிக் சோடா மலிவு, வேலையும் செய்யும். சாதாரண எனாமலில் எண்ணெய் சார்ந்த ரெசின் இருக்கிறது. காரம் அதன் எஸ்டர் பிணைப்புகளை வெட்டி அதைச் சோப்பாக்கிவிடும். தண்ணீர் விட்டால் கரைந்து ஓடும். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். சில மணி நேரம் ஊறிய பேரலை நன்றாக அலசி, உடனே உலர்த்தி, போருக்குள் (பிஸ்டன் ஓடும் உள்துளைக்குள்) மட்டும் எண்ணெய் தடவுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் வெறும் வார்ப்பிரும்பு வெகு சீக்கிரம் துருப் பிடிக்கும் என்பதால் வெளிப்புறத்துக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

அதே வாளியில் கிளட்ச் கவரைப் போட்டால் கதை வேறு. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு தோல். காரம் முதலில் அதைக் கரைக்கும், பிறகு உலோகத்தையே தின்னும், ஹைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. வெளியே எடுத்தால் கவர் கருத்திருக்கும். அது பெயிண்ட் மிச்சம் அல்ல, வார்ப்புக் கலவையில் இருந்த சிலிக்கானும் செம்பும் கரையாமல் நின்ற படலம். அதைத் துடைத்துவிடலாம். அரித்துப்போன கேஸ்கெட் முகத்தையும் (கசிவு தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் பரப்பு) தளர்ந்த மரையையும் மீட்க முடியாது.

ஆகவே அலுமினியத்துக்குக் கரைப்பான்தான். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கிய கவரில் என்ன பெயிண்ட் இருக்கிறதென்று தெரியாவிட்டால், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த துணியால் ஓரத்தில் தேயுங்கள். கரைந்து துணியில் ஒட்டினால் லாக்கர், தின்னரே போதும். அசையாவிட்டால் 2கே பெயிண்ட் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) அல்லது பவுடர் கோட்டிங் (பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது). இவற்றின் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக் கிடப்பதால் கரையவே கரையாது. உப்பவைத்துத்தான் பிரிக்க வேண்டும். மெத்திலீன் குளோரைடு உள்ள பெயிண்ட் ரிமூவர் செய்வது அதைத்தான். அதன் சிறிய மூலக்கூறு படலத்துக்குள் நுழைந்து அதை விரியவைக்கிறது. அடியில் உலோகம் விரியாது. அதனால் பிடிப்பு அறுந்து, பெயிண்ட் பொரித்த அப்பளம்போலப் புடைத்து எழும்புகிறது.

இங்கே சென்னை வெயில் எதிரி. இந்தத் திரவம் சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கும். கத்திரி வெயிலில் வேலை தொடங்கும் முன் பறந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், கெட்டியாகப் பூசி மேலே பாலிதீன் தாள் போர்த்துங்கள். ஒரே திசையில் பூச வேண்டும், திரும்பத் திரும்பத் தேய்த்தால் ஆவி தடுக்கும் மெழுகுப் படலம் உடைந்துபோகும். பதினைந்து நிமிடத்தில் சுருங்கும். மர அல்லது பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, சூடு தணிக்கும் மடிப்புகளான ஃபின்களுக்கு நைலான் பிரஷ் போடுங்கள். ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாவற்றையும் முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

மூடிய ஷெட்டில் இந்த வேலை கூடவே கூடாது. ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், லேமினேட் வகைதான் தாங்கும். ரிமூவர் பட்ட பாகத்தில் தீ காட்டினால் நச்சு வாயுக்கள் உருவாகும்.

புதுப் பெயிண்ட் உரிந்து வருவதற்கு அடிக்கடி காரணம் ரிமூவரில் இருக்கும் அந்த மெழுகு. அது பளபளவென்று சுத்தமாகத் தெரியும் உலோகத்திலும் ஒட்டியிருக்கும். தின்னரால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்த பின் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி, முத்து முத்தாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும்.

ஸ்டீல் வயர் பிரஷ் வேண்டாம். அலுமினியத்தில் பதியும் இரும்புத் துகள்கள் பின்னால் துருப் புள்ளிகளாக வெளிவரும். நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடிக்கும் பிளாஸ்டிங் அழகான முடிவு தரும், ஆனால் பேரிங் உள்ள கேஸை அனுப்பவே கூடாது. ஆயில் ஓட்டைகளை ரப்பர் அடைப்பானாலும், மரைகளைப் பழைய போல்ட்டாலும் மூடி அனுப்பினாலும், திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் காற்றடித்துக் கழுவுங்கள். ஒளிந்திருக்கும் ஒரு சிட்டிகை மணி ஆயிலோடு ஓடி பேரிங்கை முடித்துவிடும்.

மழைக்கால ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்ட் வெளிறும். வெயில் ஏறிய பிறகு, பாகத்தை இளஞ்சூடாக்கிக்கொண்டு அடிக்கலாம். கேஸ்கெட் முகத்தையும் வாஷர் உட்காரும் இடங்களையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே படும் பெயிண்ட் சூட்டில் நசுங்கி, இறுக்கிய போல்ட் தளரும், ஆயில் கசியும்.