கணவருக்கோ மனைவிக்கோ மாற்றலா? விண்ணப்பத்தில் தேதியை எழுதுங்கள்

போன மாதம் கணக்குப் பிரிவு வேலை ஒன்றுக்கு வந்த கவர் லெட்டரில் நான்கு பத்திகள். முதல் பத்தி முழுக்கக் கணவருக்கு வந்த பதவி உயர்வு. இரண்டாவதில், பிள்ளைகளைப் பாதியில் பள்ளி மாற்ற வேண்டாம் என்று முதலில் நினைத்ததும், அப்புறம் எல்லோருமாகவே கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்ததும். மூன்றாவது பத்தியில்தான் விண்ணப்பித்த பெண்மணியே வருகிறார்: 8 வருட அனுபவம், ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட்டர்களோடு நேரடி வேலை. கடைசிப் பத்தி நன்றி. எப்போது வருகிறார் என்று எங்குமே இல்லை.

எங்களுக்குத் தேவையான அனுபவம் என்பதால் ஃபோன் செய்தேன். "வீடெல்லாம் பார்த்தாச்சு மேடம், அடுத்த மாசம் 15ஆம் தேதி வந்துடுவோம்" என்றார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "கூப்பிட்டா நீங்களே கேட்பீங்கன்னு நினைச்சேன்." அதே வேலைக்கு விண்ணப்பித்த மற்ற வெளியூர்க்காரர்களில் ஒருவரைக்கூட நான் கூப்பிடவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

வெளியூர் முகவரியைப் பார்த்ததும் ஆள் எடுப்பவர் மனதில் ஓடுவது இதுதான்: நிஜமாகவே வருவாரா, எப்போது வருவார், வரும் செலவை நம்மிடம் கேட்பாரா, வந்தால் எவ்வளவு நாள் இருப்பார். "கணவருக்கு மாற்றல்" என்ற செய்தி முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். ஆகவே அதற்கு ஒரு வரி போதும். இப்படி:

"குடும்பத்துடன் ஜூன் முதல் வாரத்தில் இங்கே குடிவருகிறேன். வீடு முடிவாகிவிட்டது. ஜூன் 20 முதல் வேலையில் சேர முடியும்."

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. யாருக்கு மாற்றல், எந்தக் கம்பெனி, கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். செலவைப் பற்றி எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். இடமாற்றச் செலவு தருவது வழக்கமில்லாத வேலை என்றால் "செலவு என்னுடையது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு சந்தேகம் குறையும். தரக்கூடிய பெரிய பதவி என்றால் நீங்களாக வாயைத் திறக்காதீர்கள்.

"சொந்தக் காரணங்களால்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மறைப்பதற்காக எழுதும் வார்த்தைதான் அதிகம் கிளறவைக்கிறது. உடம்பு சரியில்லையா, பழைய மேனேஜரோடு தகராறா என்று படிப்பவர் தானாகவே கதை கட்டிக்கொள்வார்.

இந்த வரியை கவர் லெட்டரில் மட்டும் வைத்தால் பாதி இடங்களில் வீண். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை ஊர் வாரியாக வடிகட்டிய பிறகுதான் திறந்தே பார்க்கிறார்கள். ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழே, முகவரி இருக்கும் இடத்திலேயே "ஜூன் முதல்" என்று புது ஊரின் பெயரைப் போட்டுவிடுங்கள். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வாருங்கள் என்றால் குட்டு உடைந்துவிடும். நோட்டீஸ் காலத்தையும், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய நாட்களையும், கணக்கில் எடுத்துக்கொண்டு தேதி கொடுங்கள். 90 நாள் நோட்டீஸில் இருப்பவர் அடுத்த மாதமே சேர்கிறேன் என்று எழுதினால் மற்றதையும் நம்பத் தோன்றாது.

ஆண்களுக்கு வேறொரு சிக்கல். மனைவிக்குக் கல்லூரியில் நல்ல வேலை கிடைத்து, கூடவே ஊர் மாறிய ஒருவர் இன்டர்வியூவுக்கு வந்தார். ஏன் அந்த வேலையை விட்டீர்கள் என்றதற்கு "வளர்ச்சிக்காக" என்றார். "அங்கே 12 பேருக்கு லீடாக இருந்திருக்கிறீர்கள். இது அதைவிடச் சின்னப் பதவி ஆயிற்றே?" என்று அடுத்த கேள்வி வந்தது. மனிதர் வியர்த்துப்போனார். அறைக்கு வெளியே வந்த பிறகுதான் என்னிடம் உண்மையைச் சொன்னார். மனைவிக்காக வந்தேன் என்று சொல்லக் கூச்சமாம். உள்ளேயே அதைச் சொல்லி, "அதனால்தான் இங்கே தேடுகிறேன்; இந்தப் பதவியில் எனக்குப் பிடித்தது இது" என்று வேலைப் பேச்சுக்குத் திரும்பியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

அதே வார்த்தையைப் பெண் சொன்னால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "திரும்ப மாற்றல் வந்தால் இவரும் போய்விடுவார்" என்று மேசைக்கு இந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். அநியாயம்தான். ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தவள். உள்ளூர்க்காரர்களும்தான் ஆறு மாதத்தில் வேலை மாறுகிறார்கள். அதை யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. பெண்கள் "கணவர்" என்று எழுதாமல் "குடும்பத்துடன்" என்று எழுதுங்கள் என நான் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று நேராகவே கேட்டால்? ஐந்து வருஷம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துணையின் வேலை அடிக்கடி மாற்றலாகும் வகை என்றால், இந்த இடத்தில் வழக்கமாக எத்தனை வருடம் என்று தெரிந்தவரை சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் ஏற்கெனவே இரண்டு மூன்று ஊர்கள் இருந்தால், ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "ஊர் மாற்றம்" என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் எங்கும் நிலைக்காதவர் என்றுதான் படிப்பார்கள்.

வெளிநாடு போகிறீர்கள் என்றால் முதலில் விசாவைப் பாருங்கள். துணையைச் சார்ந்த விசாவில் எல்லா நாட்டிலும் வேலை செய்ய அனுமதி கிடையாது. சில இடங்களில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். அனுமதி இருந்தால் அதையும் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.