"எத்தனை ஜிபி?" என்று கேட்டு கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள்

போன சனிக்கிழமை ஒரு அப்பாவும் ப்ளஸ் டூ முடித்த அவர் பையனும் ஒரு சிபியுவைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். "வாங்கி பத்து நாள்தான் சார் ஆச்சு. கேம் போட்டா நின்னு நின்னு வருது" என்றார் அப்பா. பையன் வாயே திறக்கவில்லை. 32,000 ரூபாய். "ஐ7, 4 ஜிபி கிராபிக்ஸ், பக்கா கேமிங் பிசி" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

பக்கத்து மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. உள்ளங்கை அளவு கிராபிக்ஸ் கார்டு (கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தருவது இதுதான்), அதில் ஒரு சின்ன ஃபேன். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டு, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். கார்டின் மாடல் ஜிடி 730. மெமரி 4096 எம்பி. வகை டிடிஆர்3. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை, அதாவது பஸ், 64 பிட். அந்தப் பாதையில் போகும் டேட்டாவின் அளவு, அதாவது பேண்ட்வித், நொடிக்கு 14.4 ஜிபி. 2014இல் வந்த கார்டு இது. வந்த காலத்திலேயே படம் பார்க்கவும் கூடுதலாக ஒரு மானிட்டர் இணைக்கவும்தான் ஆகும். அந்த ஐ7 பிராசசரும் 2011இல் வந்த 2600 மாடல். இந்த மாதத்தில் இதே கதையோடு வந்த மூன்றாவது சிபியு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "கார்டு எத்தனை ஜிபி?" தயவுசெய்து இந்தக் கேள்வியை விடுங்கள். அந்த ஜிபி கார்டின் வேகம் இல்லை. படத்துக்கு வேண்டிய பொருட்களைப் போட்டுவைக்கும் இடம், அவ்வளவுதான். மொட்டைமாடியில் 4,000 லிட்டர் டேங்க் கட்டிவிட்டு அரை இன்ச் குழாய் போட்டால் குளியலறையில் தண்ணீர் எப்படி வரும்? டேங்க் நிறைந்துதான் இருக்கும், வாளி நிறையாது. ஜிடிஎக்ஸ் 1650 வந்தபோது அதிலும் இதே 4 ஜிபிதான். ஆனால் அதன் பேண்ட்வித் நொடிக்கு 128 ஜிபி. கணக்குப் போடும் கோர்கள் 896, பையனுடைய கார்டில் 384. இரண்டு பெட்டியிலும் "4 ஜிபி" என்றுதான் பெரிய எழுத்தில் இருக்கும். மலிவான டிடிஆர்3 மெமரியை அள்ளி ஒட்டி, பெட்டியில் எண்ணைப் பெரிதாக அச்சடிப்பது கஷ்டமே இல்லை.

இதைச் சொன்னால் உடனே, "அப்படின்னா ஜிபி முக்கியமே இல்லையா சார்?" என்பார்கள். முக்கியம்தான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதலில் கார்டின் மூளையான சிப் எது என்று பாருங்கள். சிப்பு நன்றாக இருந்தால்தான் ஜிபிக்கு வேலை. இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் 1080பி, அதாவது ஃபுல் எச்டி மானிட்டருக்கு 8 ஜிபிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

அதே பெயர், வேறு கார்டு என்ற தொல்லையும் இருக்கிறது. ஜிடி 1030-இல் வேகமான ஜிடிடிஆர்5 மெமரியோடு ஒன்று, மெதுவான டிடிஆர்4 மெமரியோடு ஒன்று. பின்னதன் பேண்ட்வித் முன்னதில் பாதிகூட இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி ஒன்று, 2024இல் வந்த 6 ஜிபி ஒன்று. குறைந்தது ஜிபி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், கோர்களும் பஸ்ஸும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாகக் கிடைப்பதில் பாதி "2048எஸ்பி" ரகம். அதில் கோர்கள் 2048தான், ஒரிஜினலில் 2304 இருக்கும். பெட்டியைப் படியுங்கள், முழுதாகப் படியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவது தப்பில்லை, நானே பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றபிறகு இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வாங்குவதற்கு முன் உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஜிபியு-இசட்டையும் திறந்து பாருங்கள். பழைய என்விடியா கம்பெனி கார்டின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி புதுப் பெயரில் விற்றிருந்தால், பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி. கார்டுக்கு 25,000 செலவழித்துவிட்டு, கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். "450 வாட்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் வயரே இருக்காது. உடனே ஐம்பது ரூபாய் கன்வெர்ட்டரைப் போட்டு பழைய ஹார்டு டிஸ்க் வயரிலிருந்து கரண்ட் இழுப்பார்கள். அப்படி உருகி, வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி கார்டோடு ஒட்டிக்கொண்ட கனெக்டர் ஒன்றை என் டிராயரில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட. வேண்டாம், வீட்டில் தீப்பிடிக்கும்.

மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள், மதர்போர்டில் அல்ல. இதற்காக மட்டுமே சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சரி, எதைத்தான் வாங்குவது? என்ன கேம், என்ன மானிட்டர் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேலரண்ட் போன்ற லேசான கேம் மட்டும் விளையாடுகிற பையனுக்கும், புதிதாக வரும் பெரிய கேம்களை ஆட நினைக்கிறவனுக்கும் ஒரே கார்டு தேவையில்லை. 1080பி-க்கு ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 ரகமே நன்றாகப் போதும். இரண்டும் 150 வாட்ஸுக்குள்தான், ஒழுங்கான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் தாங்கும். அவ்வளவு பணம் இப்போது இல்லையென்றால் குப்பைக் கார்டு வாங்காதீர்கள். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரைப் போட்டு ஆரம்பியுங்கள். ஜிடி 730-ஐவிட அதுவே நன்றாக ஓடும். ரேம் மட்டும் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8-8 ஆக இரண்டு போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு வருடம் கழித்துக் காசு சேர்த்துக் கார்டு வாங்கலாம். அவசரப்படுத்தாதீர்கள் தம்பிகளா, அப்பா எங்கெங்கே புரட்டுகிறார் என்று உங்களுக்கும் தெரியும்.

அந்தப் பையனுக்கு இப்போதைக்குத் தனியாக பவர் வயர் கேட்காத, பழைய ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விற்ற கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்று அப்பாவிடம் பில்லை வாங்கிப் பார்த்தேன். "கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி – 1" என்று மட்டும் இருந்தது. கம்பெனி இல்லை, மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. அதை வைத்து எதைக் கேட்பது? கடைக்காரர் பில் போடும்போதே கார்டின் முழுப் பெயரையும், எந்த மெமரி என்பதையும், சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள்.