ஒரு லைப்ரரி மாறினால் டெபியனில் என்னென்ன மாற வேண்டும்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் லினக்ஸ் புதிதல்ல. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் வழி வந்தது. 2023 ஜனவரியில் பக்கத்து விழுப்புரத்தில் டெபியன் மாநாடே நடந்தது. ஆனாலும் லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரே ஒரு பேக்கேஜைத்தானே அப்டேட் செய்யச் சொன்னேன், எதுக்கு இத்தனை இறங்குது?” (நிறுவுவதற்கு வசதியாக மென்பொருளைக் கட்டித்தரும் பொட்டலம்தான் பேக்கேஜ்.)

பல நிரல்கள் ஒரே லைப்ரரியை, அதாவது பொதுவான வேலைகளுக்கான ஆயத்த நிரல் தொகுப்பை, பகிர்ந்துகொள்வதுதான் காரணம். இணையத்தில் போகும் தகவலை மறையாக்கும் வேலையை ஒவ்வொரு நிரலும் தானே எழுதிக்கொள்வதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரி வட்டில் இருக்கும்; வெப் சர்வர், மெயில் சர்வர், பைத்தான் எல்லாம் அதையே கூப்பிடும். 2014 ஏப்ரலில் அதில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. அந்த ஒரு பேக்கேஜை மாற்றி, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மறுபடி துவக்கினால் ஓட்டை அடைபட்டுவிடும். (மறுபடி துவக்குவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நினைவகத்தில் உள்ள பழைய பிரதியையே பிடித்துக்கொண்டிருக்கும்.)

சிக்கல் வருவது லைப்ரரியின் அமைப்பே மாறும்போது. சி மொழி நிரல் ஒன்றைக் கம்பைல் செய்துவிட்டால் (எழுதிய சோர்ஸைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால்), ஸ்ட்ரக்சரில், அதாவது பல புலங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பில், இருந்த பெயர்கள் போய் இடக்கணக்கு மட்டும் மிஞ்சும். ‘நீளம் என்ற புலத்தை எடு’ என்று எழுதியது, ‘தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி இருப்பதை எடு’ என்று ஆகிவிடும். லைப்ரரியின் புதுப் பதிப்பு நடுவில் இன்னொரு புலத்தைச் செருகினால் அந்த இடத்தில் வேறு எதோ இருக்கும். பழைய நிரல் அதையே நீளம் என்று நம்பி எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. தப்பான விடை வரும், இல்லாவிட்டால் நிரல் செத்து விழும். வேடிக்கை என்னவென்றால், சோர்ஸில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் மறுபடி கம்பைல் செய்தாலே பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

இதற்காகத்தான் லைப்ரரிக்குள்ளேயே ஓர் அடையாளப் பெயர் வைக்கிறார்கள், சோநேம் என்று. நிரல் உருவாகும்போது அந்தப் பெயரைத் தன்னுள் எழுதிக்கொள்கிறது. துவங்கும்போது அதே பெயரைத் தேடுகிறது. பொருந்தாத மாற்றம் செய்தால் பெயரில் உள்ள எண்ணை மாற்ற வேண்டும். டெபியன் 11இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லிப்எஸ்எஸ்எல்1.1 பேக்கேஜ் இருந்தது, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் லிப்எஸ்எஸ்எல்3. பெயர் வேறு என்பதால் இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். தென்பெண்ணைக்குப் புதுப் பாலம் கட்டுகிறவர்கள் பழைய பாலத்தில் கடலூர் பஸ்ஸை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்தில் கட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

எல்லாவற்றையும் புதியதற்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. டெபியனில் இதை டிரான்சிஷன் என்கிறார்கள். புது லைப்ரரி முதலில் எக்ஸ்பெரிமென்டல் என்ற சோதனைக் களஞ்சியத்துக்கு வரும். அதைச் சார்ந்த பேக்கேஜ்கள் அதோடு கம்பைல் ஆகின்றனவா என்று பார்ப்பார்கள். வெளியீட்டுக் குழு சரி என்றதும், அன்றாட உருவாக்கம் நடக்கும் அன்ஸ்டேபிளுக்குள் போகும். சார்ந்தவை எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். பதிப்பு எண்ணின் வாலில் ‘+பி1’ என்று தெரிந்தால் சோர்ஸ் அப்படியேதான் இருக்கிறது, மறு கம்பைல் மட்டும் நடந்திருக்கிறது என்று பொருள். அங்கிருந்து, அடுத்த வெளியீடாகப் போகும் டெஸ்டிங்குக்குள் விடலாமா என்று பிரிட்னி என்ற நிரல் கணக்குப் போடும். தனியாக விட்டால் வேறு பேக்கேஜ் நிறுவ முடியாமல் போகும் என்றால் விடாது. இதனால் ஒரு பேக்கேஜ் கம்பைல் ஆகாவிட்டால் அதோடு சேர்ந்த கூட்டமே வாசலில் நிற்கும். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் டெஸ்டிங் உடையாமல் இருப்பது இதனால்தான்.

பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கவே முடியாத மாற்றமும் ஒன்று வந்தது. 32 பிட் கணினிகளில் நேரம் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்ற எண்ணாக இருக்கிறது. அந்த எண் 2,147,483,647க்கு மேல் போகாது. 2038 ஜனவரி 19 காலை 8.44.07க்கு, நம் நேரப்படி, அது நிரம்பிவிடும். அடுத்த விநாடி கடிகாரம் 1901க்குப் போகும். நேரத்தை 64 பிட்டாக விரித்தால் அதைத் தொடும் லைப்ரரிகளின் அமைப்பெல்லாம் மாறும். ஆனால் அவற்றை எழுதியவர்கள் சோநேமை மாற்றவில்லை. அதனால் 2024இன் தொடக்கத்தில் டெபியன் பேக்கேஜ் பெயர்களையே மாற்றியது. லிப்எஸ்எஸ்எல்3, லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. கோப்பின் பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்து வைக்க வழியில்லை. பழையதை எடுத்தால்தான் புதியது வரும். உள்ளே எதுவும் மாறாத 64 பிட் கணினிகளிலும் பெயர் மாறியது. பேக்கேஜ்களை நிறுவும் கருவிதான் ஆப்ட்; வெறும் ‘ஆப்ட் அப்கிரேட்’ கட்டளை எந்தப் பேக்கேஜையும் நீக்காது, ஆகவே அன்ஸ்டேபிள் வைத்திருந்தவர்களுக்கு அப்போது நீண்ட ‘நிறுத்திவைக்கப்பட்டவை’ பட்டியல்தான் கிடைத்தது.

அந்தக் களேபரத்துக்கு நடுவே, மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரிக்குள் யாரோ வேண்டுமென்றே பின்கதவு வைத்திருப்பது அம்பலமானது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். பின்கதவு இருந்த 5.6.1ஐ விட்டு 5.4.5க்குத் திரும்ப வேண்டும், ஆனால் ஆப்ட் சிறிய எண்ணை அப்டேட்டாக ஏற்காது. ஆகவே ‘5.6.1+ரியலி5.4.5’ என்று எண் வைத்தார்கள். டெபியனில் எனக்கு மிகவும் பிடித்த பதிப்பு எண் இதுதான்.

நேர மாற்றத்தின் பலன் 2025 ஆகஸ்டில் டெபியன் 13 ஆக வந்தது. ஆர்ம் சிப் உள்ள 32 பிட் போர்டுகள் 2038ஐத் தாண்டிவிடும். முன்பே கம்பைல் ஆன பழைய நிரல்களை ஓட்டுவதற்கென்றே இருக்கும் ஐ386ஐ (இன்டெல் வகைக் கணினிகளுக்கான 32 பிட் டெபியனை) மட்டும் இந்த மாற்றத்தில் சேர்க்கவில்லை. 13இல் அதற்கு இன்ஸ்டாலரும் கெர்னலும் கிடையாது. கடையில் 32 பிட் டெபியன் ஓடும் பழைய பெட்டி இருந்தால் ‘எல்எஸ்சிபியு’ என்று அடித்துப் பாருங்கள். 64 பிட்டும் உண்டு என்று காட்டினால், கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு 64 பிட் டெபியனைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். காட்டாவிட்டால் 13க்கு மேம்படுத்த முயல வேண்டாம்.