சாண எரிவாயுவிலிருந்து மெத்தனால்: மானியம் எதுவரை, உரிமம் எதற்கு

பண்ணையில் சாண எரிவாயுக் கலனும் அருகிலேயே காற்றாலை மின்சாரமும் இருக்கும்போது, எரிவாயுவிலுள்ள கரியமில வாயுவை, மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனால் (எரிபொருளாகவும் பயன்படும், நச்சுத்தன்மையுள்ள ஒருவகை ஆல்கஹால்) தயாரிக்க அரசு உதவுமா என்ற கேள்வி காங்கயம், தாராபுரம், பல்லடம் வட்டாரங்களில் எழுவது இயல்பே. உதவி எரிவாயுவோடு நின்றுவிடுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்து, 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தின்படி, நாளொன்றுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரை எரிவாயு தரும் கலன்களுக்கு, கொள்ளளவையும் பயனாளியின் பிரிவையும் பொறுத்து, 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை மானியம் வரையறுக்கப்பட்டது. எரிவாயுவைச் சுத்திகரித்து வாகன எரிபொருளாக்கும் புதிய ஆலைக்கு, நாளொன்றுக்கு 4,800 கிலோ உற்பத்தித் திறனுக்கு 4 கோடி ரூபாய் என்ற விகிதத்தில், அதிகபட்சம் 10 கோடி ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. மெத்தனாலுக்கென இதில் விகிதம் ஏதும் இல்லை.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடி ரூபாயில் 17,490 கோடி ரூபாய், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் மின்பகுப்புக் கருவித் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்குமான ஊக்கத்தொகை. அது ஏல முறையில் பெரிய நிறுவனங்களுக்குச் செல்வதால், ஒரு பண்ணையாளர் அதை நம்பிக் கணக்குப் போடலாகாது.

கணக்கைப் பார்ப்போம். 25 கன மீட்டர் கலனுக்குத் தினமும் ஏறத்தாழ 625 கிலோ சாணம், அதாவது அறுபது மாடுகளாவது வேண்டும். அதன் வாயுவில் சுமார் 40 விழுக்காடு கரியமில வாயு. அது முழுவதையும் ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனாலாக்கினாலும் நாளொன்றுக்குக் கிடைப்பது 14 கிலோ அளவே. அதற்குத் தேவையான சுமார் 2.7 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மட்டும் 140 யூனிட் மின்சாரம் செலவாகும். தவிர, 50 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தமும் 220 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் தாங்கும் கலன் வேண்டும். கோழி எருவின் வாயுவில் மிகுந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடை நீக்காவிட்டால் மெத்தனாலாகும் வினையைத் தூண்டும் தாமிர வினையூக்கி விரைவில் செயலிழந்துவிடும். தனிப் பண்ணைக்கு இது கட்டுபடியாகாது. நாமக்கல், சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் போலக் கழிவுநீரிலிருந்து நாள்தோறும் பேரளவில் வாயு எடுக்கும் இடங்களில்தான், அதுவும் மீத்தேனை எரிபொருளாக விற்றுவிட்டு எஞ்சும் கரியமில வாயுவை மட்டும் பயன்படுத்தும் முறையில், இதைப் பரிசீலிக்க இடமிருக்கிறது.

எந்த அளவில் தொடங்கினாலும் உரிமம் கட்டாயம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன் கீழ் வந்த 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி, மெத்தனாலை இருப்பு வைக்கவும் விற்கவும் உரிமம் பெற வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபின், இத்தகைய மனுக்கள் எளிதில் நகரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுமுன் மாவட்ட மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எழுத்துப்பூர்வமாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.