ஊகப்புனைவு: சொல் விளக்கம்

சேலம் லீ பஜாரில் ‘ஊகம்’ என்றால் விலைப் பேச்சுதான். நாளைக்கு ஏறும் என்று இன்றைக்கே வாங்கிப் போடுவது ஊக வணிகம், ஆங்கிலத்தில் ‘ஸ்பெகுலேஷன்’. இலக்கியத்தில் ‘ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்’ எனப்படும் ஊகப்புனைவுக்கும் ஆங்கிலத்தில் வேர் அதேதான். இலத்தீனில் ‘ஸ்பெகுலா’ என்பது காவல் கோபுரம். மலைக்காட்டுக் கொல்லையில் பன்றி வருகிறதா என்று பார்க்கப் போடும் பரண் என்று வைத்துக்கொள்ளலாம். வணிகர் அதில் ஏறி விலையைப் பார்க்கிறார்; கதை எழுதுபவர் ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று பார்க்கிறார்.

இத்தொடர் 1889-லேயே ஆங்கிலப் பத்திரிகையில் வந்துவிட்டது. பரவியது 1947-இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. அவர் அறிவியல் புனைகதையை மனத்தில் வைத்தே சொன்னார். இன்று மிகுபுனைவு (ஃபேன்டஸி), மாற்று வரலாறு எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர்.

தமிழில் ‘கற்பனைக் கதை’ என்று போடுவது வீண். கற்பனை இல்லாத கதை எது? ‘அறிவியல் புனைகதை’ குறுகிவிடும். ‘ஊகக் கதை’ வதந்தி போல ஒலிக்கிறது. ‘ஊகப்புனைவு’ பொருந்துகிறது. ஊகம் வடமொழி ‘ஊஹ’ என்பதன் தமிழ் வடிவம். பேச்சில் ‘ஒரு யூகத்துல சொன்னேன்’ என்போம். எழுத்தில் ‘ஊகம்’ என்றே எழுதுவது நல்லது. ‘ஊகம்’, ‘புனைவு’ இரண்டும் சேரும்போது மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும், ஆகவே ‘ஊகபுனைவு’ பிழை. தொல்காப்பிய மரபியலில் ஊகம் ஒரு குரங்கு. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் இந்தச் சொல்லில் பங்கு உண்டு. தனித்தமிழ் வேண்டுவோர் நன்னூல் சொல்லும் நூல் எழுதும் உத்திகளில் வரும் ‘உய்த்துணர வைப்பு’ என்பதிலிருந்து ‘உய்த்துணர்வுப் புனைவு’ எனலாம். பொருள் சரி, ஆனால் அட்டையில் அச்சிட நீளம்.

சிக்கல் உட்பிரிவில்தான். வெவ்வேறு காலத்து மனிதர்கள் ஓர் இழையால் இணைந்து ஒடுக்குமுறையை எதிர்க்கும் கதைகளைப் பலர் ‘முற்பிறவிக் கதை’ என்று எழுதிவிடுகிறார்கள். முற்பிறவி என்றாலே வினைப்பயன் கூட வரும். போன பிறவியில் செய்ததை இப்போது அனுபவிக்கிறாய் என்பது ஒடுக்குபவனுக்கு வசதியான விளக்கம். எதிர்ப்புக் கதையின் காலை அதுவே வாரிவிடும். இந்த வகைக்கு ‘நினைவுத்தொடர் புனைவு’ என்பதே தகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது வினை அல்ல, நினைவு.

இதற்கு மணிமேகலையை எடுத்துக்காட்டுவோர் உண்டு. வேள்விக்குக் கட்டிய பசுவைக் காப்பாற்றி ஊரால் விரட்டப்பட்ட ஆபுத்திரன் மறுபிறவியில் சாவக நாட்டு அரசன் ஆகிறான். மணிமேகலை மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். கட்டமைப்பு வினையைச் சார்ந்தது; செயல் எதிர்ப்பு. முன்னோடி என்று சொல்லலாம், அதே வகை என்று சொல்ல முடியாது.

ஒரு கதை இவ்வகையில் சேருமா என்று பார்க்க மூன்று பேர் வரும் ஒரு மாதிரிக் கதை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்தார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு கூலியாள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அன்று அங்கே இருந்த ஒரு கைதி. இன்றைய செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் ஒரு பெண். முந்தையவர் மறைத்ததைப் பிந்தையவர் அறிகிறார் என்பது மட்டுமே ஊகம். மற்றதெல்லாம் உள்ளபடி இருக்க வேண்டும். 22 என்ற எண்ணை மாற்றினால் அது மாற்று வரலாறு, வேறு பெயர். அந்தப் பெண் உடலோடு 1950-க்கே போனால் காலப்பயணம். வெறும் பழிவாங்கல் என்றால் ஆவிக் கதை.

இணைப்பு எவ்வளவு தெரிய வேண்டும் என்று அந்தப் பெண்ணின் கொலுசுப் பட்டறையிலேயே கேட்கலாம். வளையத்துக்கு வளையம் வைக்கும் பற்று (உருக்கி ஒட்டும் உலோகம்) அதிகமானால் உருகி இடுக்கில் இறங்கி, கொலுசு மடங்காமல் விறைக்கும். குறைந்தால் நடக்கும்போது அறும். நினைவு எப்படிக் கடந்தது என்று இரண்டு பக்கம் விளக்கும் கதை விறைத்த கொலுசு.