"எந்த வீடு, சிக்கு?"

நான் இங்க சிங்கப்பூர்ல பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ட்ராயிங் சொல்லித்தர்றவ. லீவு விட்டா கோச் ஏறி மலேசியாவுல கேஎல் (கோலாலம்பூர்) போயிடுவேன், அங்க கடைவீட்டு மாடியில ஒரு அகதிப் பிள்ளைங்க சென்டர்ல கிளாஸ் எடுக்கறேன். தேக்காவுல (லிட்டில் இந்தியாவுல) பாக்குறவங்க, ஏன் இங்கயே செய்யக்கூடாதான்னு கேப்பாங்க. இங்க அகதிங்கள ஏத்துக்கறதில்லங்க. செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோட்டுல வியட்நாம்காரங்களுக்குன்னு 1978ல ஆரம்பிச்ச முகாம் ஒண்ணு இருந்துச்சு, 1996ல அதையும் மூடிட்டாங்க. மலேசியாவும் நம்மள மாதிரி 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்து போடாத நாடுதான், கவர்மென்ட் ஸ்கூல்ல இவங்களுக்கு இடம் கிடையாது, அதனாலதான் இந்த மாதிரி சென்டருங்க.

மியான்மர்லேருந்து வந்த ரொஹிங்யா, சின் பிள்ளைங்க, சோமாலிப் பிள்ளைங்க, கூட ரெண்டு இலங்கைத் தமிழ்ப் பிள்ளைங்க. மொத நாள் நான் பிரைமரி ஒண்ணுக்கு எப்பவும் குடுக்கறதையே குடுத்தேன், உங்க வீட்ட வரைங்கன்னு. எட்டு வயசுப் பையன் ஒருத்தன் மலாய்ல "எந்த வீடு, சிக்கு?"ன்னான். அங்க டீச்சர சிக்குன்னுதான் கூப்புடுவாங்க. குறும்புக்குக் கேக்கல, அவனுக்கு நெஜமாவே தெரியல. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு.

அடுத்த நாள் சிக்கு சிக்குக்கோலம் போட்டேன் (இந்த ஜோக் அந்த ரெண்டு தமிழ்ப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தான் புரிஞ்சுது). அஞ்சுக்கு அஞ்சு புள்ளி, கோடு புள்ளியத் தொடாம சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலயே முடியணும், அவ்ளோதான். பாஷை வேண்டாம், சொந்தக் கதை வேண்டாம், உயிருள்ளத வரையக்கூடாதுன்னு நெனைக்கற குடும்பத்துப் பிள்ளையும் போடலாம். ஒரு சோமாலிப் பொண்ணு கைய வளைக்காம ஒவ்வொரு வளைவுக்கும் பேப்பரயே திருப்பித் திருப்பி வரைஞ்சதுல, பக்கத்துப் பையனோட பென்சில மூணு தடவ தட்டிவிட்டுட்டா, ஆனா கோடு மட்டும் எங்கயும் அறுபடல.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. ஜெர்மனியோட பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில படிச்ச ஓவியர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ்ங்கற அம்மா, நாஜிங்க யூதர்கள அடைச்சு வெச்ச தெரேசின் முகாம்ல 1942லேருந்து 1944 வரைக்கும் பிள்ளைங்களுக்குத் தாளத்துக்கு ஏத்த மாதிரி கோடு போடுற பயிற்சியெல்லாம் குடுத்தாங்க. படத்துல அவங்கவங்க பேர எழுத வெச்சாங்க. அந்தப் படங்கள்ல சுமார் 4,500 இன்னும் பிராக் யூத மியூசியத்துல இருக்கு. நானும் பேர எழுதச் சொல்றேன், ஆனா அதப் போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட விடறதில்ல, தேடப்படற குடும்பமா இருந்தா என்ன பண்ணுவீங்க?

அதவிட எனக்குக் கடுப்பு, படத்தப் பாத்து சைக்காலஜிஸ்ட் ஆயிடறவங்க. ட்ரெய்னிங் எடுத்த தெரபிஸ்ட் வேற, நாம வேற. கூட வந்த அக்கா ஒருத்தங்க பேப்பர் முழுக்க செவப்பா கெடக்கறதப் பாத்துட்டு கண்ணு கலங்க, ஏம்மா எல்லாமே செவப்புன்னு அந்தப் பிள்ளைகிட்ட கேக்க, அது டப்பாவ நீட்டி, இது ஒண்ணுதான் கூரா இருக்குன்னு காட்டுச்சு. பாத்தா மத்த பதினொண்ணும் மொட்டை.

இந்தத் தடவ நாலு ஷார்ப்னர் வாங்கி வெச்சிருக்கேன்.